திறப்பு யார் கையில்?



கருவாடு, மிளகாய்த்தூள், தைத்த சட்டை என்று நம்மில் பலர் இன்று கைத்தொலைபேசி மூலம் வியாபாரம் செய்கின்றோம். மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் கொழும்புக்குப் பொருள் போகின்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் போனுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பது யார்?

வட்ஸ்அப் போன்றவற்றைச் செயலி என்கின்றோம். செயலிகளை எடுக்கும் கடையும் போனுக்குள்ளேயே இருக்கின்றது. அன்ட்ரொயிட் போனில் அது பெரும்பாலும் கூகிளின் பிளே ஸ்டோர். ஐபோனில் அப்பிளின் ஆப் ஸ்டோர். கடையை நடத்தும் கம்பனியே சட்டமும் போடுகின்றது, கட்டணமும் வாங்குகின்றது. போர்க்காலத்தில் வள்ளமும் வலையும் நம்முடையவையாக இருந்தும், பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாதிருந்ததை நாம் மறக்கவில்லை. சொந்தப் பொருளுக்கும் பிறர் அனுமதி தேவைப்படுவது நமக்குப் புதிதல்ல.

சென்னையில் தலைமையகம் கொண்ட பாரத் மேட்ரிமோனியைப் பலர் அறிவீர்கள். 2024 மார்ச் 1ஆம் திகதி இந்தத் திருமணச் செயலி உட்பட 10 இந்தியக் கம்பனிகளின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து அகற்றத் தொடங்கியது. செயலிக்குள் வாடிக்கையாளர் செலுத்தும் பணத்தில் 11 முதல் 26 சதவீதம் வரை கூகிள் கேட்ட கட்டணமே பிணக்கு. எல்லோரும் கட்டுவதை இவர்களும் கட்ட வேண்டும் என்றது கூகிள். இந்திய அரசு தலையிட்ட பிறகு, சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன.

நாம் கருவாடு விற்பதில் கூகிள் பங்கு கேட்பதில்லை. ஆனால் நமது கணக்கு ஒருநாள் முடங்கினால் எந்த அரசு நமக்காகப் பேசும்?

காவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரோ அனுப்பும் இணைப்பை அழுத்திச் செயலி ஏற்றினால் வங்கிப் பணம் களவு போகலாம். ஆனால் காவல்காரரையும் கேள்வி கேட்கச் சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐபோனிலும் வேறு கடைகளுக்கு அப்பிள் இடம்விட வேண்டியதாயிற்று. அது சட்டத்தால் வந்தது.

நம்மால் செய்யக்கூடியவையும் உண்டு. போன் வாங்கும்போது கடைப் பையனே கூகிள் கணக்குத் திறந்து தருவதுண்டு. கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள். எழுதி அலுமாரியில் வையுங்கள். வாடிக்கையாளரின் பெயர், இலக்கம், பாக்கி ஆகியவற்றைக் கொப்பியில் பதியுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவரின், பிள்ளையின் படம் போனில் மட்டும் இருந்தால், இந்த வாரமே ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றதை நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள்.