எட்டு போல்டுகளின் வழக்கு

ஒருவனுக்குப் புத்தி சற்றுப் பிசகினால் "மரை கழன்றுவிட்டது" என்று நம்மவர்கள் சொல்லுகிறார்கள். இதை முதன்முதலில் சொன்ன மகானுபாவர் ஒரு மோட்டார் மெக்கானிக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். மனித மூளைக்கு மரை எவ்வளவு அவசியமோ அறியேன். எஞ்சினுக்கு அதுதான் உயிர். சென்ற மாதம் எங்கள் சேரப்பணஞ்சேரியில் நடந்த ஒரு வழக்கு இதை எனக்கு நன்றாகப் புகட்டியது. வாதி ஒரு பெரியவர். பிரதிவாதி என் பழைய மாணாக்கன். வழக்குக்குரிய சொத்து எட்டு போல்டுகள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள்!

எங்கள் ஊர் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே ஒரகடம். அங்கே 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்பீல்டு தொழிற்சாலையும் வேலையைத் தொடங்கின. கிழக்குக் கோடியான வண்டலூரில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பெனி 1961-ல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் சின்னக் காரை வெளியிட்டது. நாலு சிலிண்டர், 948 சி.சி. எஞ்சின். 1980-களின் இறுதியில் கம்பெனி மூடப்பட்டது. ஆனால் ஹெரால்டுகள் சில இன்னும் உயிரோடிருக்கின்றன. நமது பெரியவர் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. அவர் வண்டலூர்த் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவர்.

பேத்தியின் கல்யாணத்தில் பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. எஞ்சினைப் புதுப்பிக்கும் பொறுப்பை என் மாணாக்கனிடம் ஒப்படைத்தார். அவன் பகலில் ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறான்; மற்ற நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் பட்டறை நடத்துகிறான். எஞ்சினைப் பிரித்தார்கள். கனெக்டிங் ராடுகளை கிராங்கோடு பிணைக்கும் எட்டு போல்டுகளும் வெளியே வந்தன. சண்டையும் வந்தது.

"இந்த எஞ்சினைக் கோத்தவன் நானோ என் கூட்டாளியோதான். அந்தக் காலத்து உருக்கு இப்போது கிடைக்குமா? அதே போல்டுகளைத்தான் போட வேண்டும்" என்றார் பெரியவர்.

"தாத்தா, அம்பது வருஷம் உழைத்த போல்டு. புதிதாக எட்டு வாங்கிப் போட்டால் நிம்மதியாக இருக்கலாம்" என்றான் பையன்.

இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் முதலில் கணக்குப் போட்டேன். (வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்?) இந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 4,500 சுற்று ஓடும்போது, உச்சியில் நிற்கும் பிஸ்டனைக் கீழே திருப்பி இழுக்கும் வேகமாற்றம், பூமியின் ஈர்ப்பைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு! பிஸ்டன் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் அரை டன் பாரம் ஆகிறது. புகை வெளியேறும் சமயத்தில் எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இல்லாததால், இந்த இழுப்பைத் தாங்குவது இரண்டே போல்டுகள்; அதுவும் நிமிஷத்துக்கு 2,250 தடவை. ஒன்று முறிந்தால் ராடு எஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உள்ளே கல்யாணப் பெண் உட்கார்ந்திருப்பாள்!

இவ்வளவு பாரத்தை ஒரு விரல் பருமன்கூட இல்லாத போல்டு எப்படித் தாங்குகிறது? போல்டு உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது மயிரிழை அளவு நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அதன் பிடிவாதமே இரண்டு பாகங்களையும் சேர்த்து அமுக்குகிறது. அந்த அமுக்கம் எஞ்சினின் இழுப்பைவிட அதிகமாக இருக்கும் வரையில், போல்டு ஏற்ற இறக்கத்தை அநேகமாக உணர்வதில்லை. இறுக்கம் குறைந்தாலோ, ஒவ்வொரு இழுப்பும் போல்டைத் தாக்கும். மரையின் அடிப்பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகி, ஒரு நாள் திடீரென்று முறியும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துதான். ஸ்பிரிங் நீண்டது நீண்டதாகவே நின்றுவிடும்.

ஆகவே பழைய போல்டுகளை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னேன். எட்டின் தலையிலும் ஒரே முத்திரை. எல்லாம் சுத்த ஒரிஜினல்தான். ஏழு ஒரே நீளம் இருந்தன. எட்டாவது மட்டும் 0.2 மில்லிமீட்டர் கூடுதல்! எப்போதோ யாரோ பலத்தைக் காட்டி முறுக்கியிருக்கிறார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

பையன் முகத்தில் வெற்றிக்களை வீசியது. ஆனால் வழக்கு முடியவில்லை. அவன் ஒரு கடையிலிருந்து வாங்கி வந்த புதிய போல்டுகளை நான் பரீட்சை செய்தேன். அங்குல அளவு போல்டுகளின் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் நடுத்தர வலிமை. ஆறு கோடுகள் இருந்தால் அதைவிட அதிகம். மில்லிமீட்டர் அளவு போல்டுகளில் 8.8 என்பது போன்ற எண் இருக்கும். முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். அடுத்த 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்பதற்கு. பையனின் போல்டுகளில் ஆறு கோடுகள் பளபளத்தன. செய்தவர் முத்திரைதான் எங்கும் காணவில்லை. ஒன்றை வைஸில் பிடித்து டார்க் ரெஞ்சால் இறுக்கினான். உரிய அளவை எட்டுமுன்பே அது மெழுகுபோல் நீண்டுவிட்டது!

இந்தப் பித்தலாட்டம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பொய்க் குறியிட்ட போல்டுகளின் தொல்லை தாளாமல் அமெரிக்கர்கள் 1990-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். பொய் சொல்லாத போல்டுகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மரையைக் கடைந்து வெட்டுவதைவிட, அச்சுகளுக்கிடையே உருட்டி எடுப்பது மேல். வலிமை மிகுந்த போல்டுக்கு மின்சார முலாம் பூசினால், ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் பண்டமாக்கிவிடும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் வாட்டி அதை வெளியேற்ற வேண்டும்.

மரையிலும் ஜாதி உண்டு. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்கு 60. இரண்டாவது மகாயுத்தத்தில் இந்த வித்தியாசத்தால் பட்ட அவதிக்குப் பிறகு, 1948-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் கூடி, 60 டிகிரியில் ஒரு பொது மரையை ஏற்றுக்கொண்டன. ஹெரால்டு அந்தப் பொது மரையைச் சேர்ந்தது. 3/8 அங்குல விட்வொர்த்துக்கும் பொது மரையின் பெருமரைக்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். ஒன்றில் மற்றொன்று புகுந்துவிடும். ஆனால் கோணம் பொருந்தாது. புகுந்துவிட்டதே என்று நம்புவது மடமை.

வாசகர்களே, என் தீர்ப்பு இதுதான்: எங்கே முறிந்தால் உயிருக்கு ஆபத்தோ, அங்கே வயதைப் பார்க்காதீர்கள், வலிமைக்குச் சாட்சியைப் பாருங்கள். ராடு, கிராங்கு, பிளைவீல் ஆகியவற்றுக்கு, செய்தவர் முத்திரையும் பரீட்சைச் சான்றும் உள்ள புதிய போல்டுகளே வேண்டும். வால்வு மூடி, விசிறி, தண்ணீர்ப் பம்பு முதலிய வெளி இடங்களில், மரை கெடாத பழையவற்றைத் துலக்கி எண்ணெயிட்டு அப்படியே பூட்டலாம். காரின் சரித்திரம் அங்கே விளங்கட்டும்! புதியது என்றால் மட்டம் என்று எண்ணுவதும் தவறு. 1966-ல் பாடியில் தொழில் தொடங்கிய சுந்தரம் பாஸ்டனர்ஸ், 1992 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பியது. நம்மவர் கைக்கு என்ன குறைச்சல்?

சான்றுள்ள எட்டு போல்டுகள் வந்து சேர இரண்டு வாரமாயிற்று. பூட்டும் நாளன்று பெரியவர் பையனை விலகச் சொல்லிவிட்டு, டார்க் ரெஞ்சைத் தாமே கையில் எடுத்தார். எட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். கை சற்று நடுங்கியது; அளவு பிசகவில்லை.

நீண்டுபோன அந்தப் பழைய போல்டை எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். "வாத்தியாரே, இதுவும் என்னைப்போல் ரிடையரான ஆள். இனிமேல் வேலை வாங்காதீர்கள், மரியாதை மட்டும் கொடுங்கள்" என்றார்.

கல்யாணத்தன்று பெண் ஹெரால்டில் வந்து இறங்கினாள். "எல்லாம் ஒரிஜினல்தானா?" என்று யாரோ கேட்டார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போல்டு எட்டும் புதிது, இறுக்கிய கை ஒரிஜினல்!"