வெள்ளைக்குள் மறையும் ஓதம்



ரமளான் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் இவ்வாண்டுகளில் ரமளான் தை, மாசி மாதங்களில் தொடங்குகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பருவமழையைக் குடித்த சுவர் அதற்குள் முழுமையாக உலர்ந்திருப்பதில்லை. அந்த ஈரத்தின் மீதே புட்டி வைத்து, எமல்ஷன் பூசி, பெருநாளுக்கு விருந்தினரை அழைக்கிறோம். அடுத்த மழையில் அதே மூலையில் அதே கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. ‘இந்த வீட்டின் ராசி அப்படி’ என்று பெரியவர் ஒருவர் சொல்லிவைப்பார். ராசியும் இல்லை, சகுனமும் இல்லை. சுவருக்குள் எங்கிருந்தோ நீர் வந்துகொண்டிருக்கிறது.

பூஞ்சையை எவரும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. சுவரோ துணியோ காகிதமோ நனைந்து ஒன்றிரண்டு நாட்கள் உலராமல் இருந்தால் போதும், அவை முளைத்துவிடும். எனவே பூஞ்சைக்கு மருந்து தேடுவதற்கு முன் ஈரத்தின் வழியைத் தேட வேண்டும். கறை இருக்குமிடமே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். கூரையிலும் சுவரின் மேற்பகுதியிலும் இருந்தால் மொட்டைமாடியில் நீர் தேங்குகிறதா, தளத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை இருந்தால் நிலத்தின் ஈரம் மேலேறுகிறது. குளியலறைக்கு அடுத்த சுவரில் இருந்தால் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ ஐயுறலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டு வையுங்கள். மோட்டாரையும் போடாதீர்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு.

பீரோவின் பின்புறத்திலும் கட்டிலின் மூலையிலும் மட்டும் பூஞ்சை படர்ந்தால் காரணம் பெரும்பாலும் அறையின் காற்றுதான். ஐயமிருந்தால் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் ஈரம் படிந்தால் அது சுவரிலிருந்து வருவது. வெளிப்புறம் படிந்தால் அறைக் காற்றிலிருந்து வருவது. மழைக்காலத்தில் துணிகளை அறைக்குள் உலர்த்துவதும், சமையல் ஆவி வெளியேற வழியின்றிச் சன்னலை அடைத்து வைப்பதும், உளூச் செய்த இடத்தின் ஈரத்தைத் துடைக்காமல் விடுவதும் இதற்குப் போதும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்பது செலவில்லாத மருத்துவம். கிதாபுகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் நெருக்கி அடுக்குவதை நம் ஆலிம்களின் வீடுகளிலேயே காண்கிறேன். மழைக்குப் பின் திறந்தால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

கடலோர ஊர்களில் சுவரில் பூக்கும் வெண்பொடி பலமுறை உப்பாகவே இருக்கிறது. நீர் பட்டால் அது கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. உப்பு பூத்தாலும் சுவரில் ஈரம் உண்டு என்றே பொருள். சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகளின் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற பெயின்டைப் பூசுவோர் சுவரின் மூச்சை அடைக்கிறார்கள்.

தேய்த்துக் கழுவச் சோப்பு நீர் போதும். உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ஆகவே நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு துடைத்து, பின் நன்கு உலரவிட வேண்டும். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

பூஞ்சை படிந்த சுவர் நஜீஸா என்று கேட்கிறார்கள். மழை ஈரத்தால் வந்த கறை நஜீஸ் அன்று. கழிவறைக் குழாயின் கசிவு என்றால் அதன் சட்டம் வேறு. அங்கே தூய்மைக்காகவே குழாயைத் திறந்து பழுதுபார்க்க வேண்டும்.

இனி, பலர் பேசத் தயங்குவதைச் சொல்கிறேன். சுவர் கறுத்தால் பழி முதலில் வீட்டுப் பெண்கள் மீது விழுகிறது. ‘சரியாகத் துடைப்பதில்லை’ என்கிறோம். மாடித் தளத்தின் விரிசலை எந்தத் துடைப்பம் அடைக்கும்? பழுதுபார்க்கும் பணமும் அதிகாரமும் எவரிடம் உள்ளனவோ அவரே இதற்குப் பொறுப்பாளர்.

வாடகை வீடுகளில் இது இன்னும் கூர்மையானது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக விற்பவர் கூறினார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியை நாம் வியாபாரப் பாடமாகவே நடத்துகிறோம். மழை பெய்தது அவ்வணிகரின் குற்றமன்று, ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். ஓதமேறிய சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ஒரு சொல்லும் சொல்லாமல் முன்பணம் வாங்குபவர் செய்வதும் அதுவே என்பது என் துணிபு.

மிகைப்படுத்துகிறேன் என எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்வு. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள். வாடகை வீட்டின் பூஞ்சையைப் பற்றித் தந்தை 2017இலேயே முறையிட்டபோது, மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுமாறு சொல்லப்பட்டார். குடும்பத்தாரின் வாழ்க்கைமுறையே காரணம் என்றும் வீட்டுவசதி நிறுவனம் கருதியிருந்தது. நீண்டகாலப் பூஞ்சையால் நேர்ந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி முடிவுரைத்தார். அதன்பின் அக்குழந்தையின் பெயராலேயே அந்நாட்டில் சட்டம் வந்தது.

நம் நகரங்களில் முஸ்லிம் குடும்பத்துக்கு வீடு கிடைப்பதே பல தெருக்களில் அரிது. அதனால் கிடைத்த வீட்டில் சுவர் ஒழுகினாலும் வாய்திறக்க அஞ்சுகிறார்கள். வீட்டுக்காரரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராயிருந்தால் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. வாடகைக்கு விடுபவர், எந்தச் சுவர் எந்த மாதத்தில் ஓதம் காக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தளமும் குழாயும் பழுதானால் எவர் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடியேறுவோர் இயன்றால் மழைக்காலத்திலேயே வீட்டைப் பார்த்து, பீரோ நின்றிருந்த சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.