ஓரெழுத்துப் பிழையும் பொறாத நாடு

வெள்ளையன் கொணர்ந்த பொறியை ஏற்றவன் அவன் சிதைத்த பெயரையும் ஏற்றே ஆகவேண்டும் என வழக்காடுவார் இன்றும் தமிழ்நாட்டில் உளர். அவர்தம் வாயடைக்க, நியூசீலாந்து நாட்டின் ஒரு மலையும் அம்மலையேறிய ஒரு பொறியும் போதும்.

வெல்லிங்டன் நகர்க்கும் வைரராப்பா வெளிக்கும் இடையே நிற்பது அம்மலைத்தொடர். 1878-இல் அதன்மேல் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. 15 அடிக்கு ஓரடி உயரும் கடும் ஏற்றம், ஏறத்தாழ 3 கல் தொலைவு. இரு கம்பிகட்கும் நடுவே உயரமாக மூன்றாவது கம்பி ஒன்றை நிறுத்தி, கிடையாகச் சுழலும் உருளைகள் அதனை இருபுறமும் இறுகப் பற்றி ஏறுமாறு அமைத்தனர். பெல் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கண்ட முறை அது. 1955-இல் மலையைக் குடைந்த சுரங்கவழி திறக்கப்பெற்றதும் பழம்பாதை மூடப்பட்டது. 1875-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பொறியொன்று மட்டும் பெதர்சுட்டன் என்னும் சிற்றூரின் சிறுவர் பூங்காவில் துருவேறி நின்றது. அவ்வூரார் கழகம் அமைத்து அதனைச் சீர்செய்தனர். 1984-இல் அதற்கென அருங்காட்சியகமும் கண்டனர். அம்முறைப் பொறிகளுள் உலகில் எஞ்சியது அஃதொன்றே!

பொறியை இங்ஙனம் போற்றிய நாடு, பெயரை என் செய்தது? அம்மலைக்கு மாவோரி மக்கள் இட்ட பெயர் 'இரெமுட்டக்கா'. அமர்ந்து இளைப்பாறல் என்பது பொருள். குடியேறியோர் அதனை 'இரிமுட்டக்கா' எனத் திரித்தனர். திரிந்தது ஓர் உயிரொலியே! ஆயினும் மண்ணின் மக்கள் அதனைப் பொறுத்தாரல்லர். 2017-இல் இரங்கிட்டானே குடியினர் அரசுடன் கண்ட உடன்பாட்டின் வழி, மலையின் மெய்ப்பெயர் சட்டப்படி மீண்டது. பொறி காக்கப்பட்டது, பிழை களையப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாயிற்றா?

ஈங்கு நடந்ததென்ன? 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. சின்னாளிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டலில் குறையிருப்பின் குறையைக் களைந்திருக்கலாம். ஆணையையே களைவது என்ன முறை? ஓரெழுத்துக்காக வாதாடி வென்றனர் மாவோரியர். தூத்துக்குடி 'டூட்டிக்கோரின்' ஆனதையும் தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனதையும் கண்டு தமிழன் உறங்கினான். திருத்த வந்தபோது நகைத்தவனும் தமிழனே!

1899-இல் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர்க்கு ஏறத் தொடங்கிய நீலமலைத் தொடர்வண்டியைத் தமிழர் போற்றுக, அது தக்கதே. ஆனால், இரும்பிலேறிய துருவைத் துடைக்கும் கை, பெயரிலேறிய துருவையும் துடைத்தல் வேண்டும். தமிழர்களே! அரசாணைக்குக் காத்திராதீர்! முகவரியிலும் கடைப்பலகையிலும் அழைப்பிதழிலும் உங்கள் ஊர்ப்பெயரை அதன் மெய்யொலிப்பிலேயே எழுதுக! மக்கள் முன் நடப்பின், அரசு பின் வரும்!