கிறீம் மட்டும் காணாது

பக்கத்து வீட்டு மாமி சண்டிலிப்பாய்த் தோட்டங்களில நாள்கூலிக்குக் களை பிடுங்கிறவ. போன வருசம் அவவுக்குக் கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடிச்சு, கறுத்து, ஒரே கடி. கிரந்தி எண்டு சனம் சொன்னது. பார்மசியில ஒரு கிறீம் வாங்கிப் பூசினா. பூசினால் குறையும், விட்டால் கூடும். மாதக்கணக்கில பூசினதில தோலும் மெலிஞ்சு போச்சு.

கடைசியில தோல் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் முதல் கேட்டது, "என்ன வேலை செய்யிறீங்கள்? வேலைக்குப் போகாத நாளில குறையுதோ?" அந்தக் கேள்வியிலதான் பார்த்தீனியம் பிடிபட்டது.

அமெரிக்கக் கண்டத்துக் களை அது. எங்கட பக்கம் இந்திய இராணுவத்தோட வந்தது எண்டு ஊரில சொல்லுவினம். அதில இருக்கிற பார்த்தெனின் எண்ட பொருள்தான் ஒவ்வாமையைத் தருகிறது. செடி காய்ந்து தூளாகிக் காற்றில வந்தாலும் காணும். கையால தொடவே வேண்டாம்.

தோல் நிபுணரின் வேலை கிறீம் எழுதுவது மட்டுமில்லை, காரணத்தைக் கண்டுபிடிப்பதும்தான். சந்தேகமான பொருட்களை முதுகில ஒட்டி, 2 நாளில எடுத்துப் பார்த்து, பிறகு இன்னொருக்காலும் பார்க்கிற ஒட்டுச் சோதனை அதுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு கிளினிக் நாளும் மாமிக்கு ஒரு நாள் கூலி போகுது. "களை பிடுங்காதேங்கோ" எண்டு சொல்லலாம். சோறு யார் போடுவது?

மேசன்மாரின் கதையும் இதுதான். சீமெந்தில் இருக்கிற குரோமியம் கையை வெடிக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல், சீமெந்தில் நீரில் கரையும் குரோமியம்-6 பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது எண்டு விதி வைத்தது. இரும்புச் சல்பேற்றுக் கலந்து அதைக் குறைக்கிறார்கள். அதாவது, மருந்து பையிலேயே போடப்பட்டது. காரணம் இதுதான் எண்டு தோல் வைத்தியர்கள் காட்டியிராவிட்டால் அப்படியொரு விதி வந்திராது.

இலங்கையில் வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் 1934 இலிருந்தே இருக்கு. ஆனால் இண்டைக்கு ஒராளின் தோட்டம், நாளைக்கு இன்னொராளின் தோட்டம் எண்டு போற மாமி யாரிட்டக் கேட்பா?

ஆகவே தோல் நிபுணர் கிளினிக்குக்குள்ள மட்டும் இருந்தால் காணாது. அவர் கண்டுபிடிக்கிறது விவசாயப் போதனாசிரியருக்கும் பிரதேச சபைக்கும் போகவேணும். பார்த்தீனியம் பூக்க முதல் அழிக்கப்படவேணும்.

உங்கட வீட்டிலயும் ஆருக்கும் இப்படிக் கடி இருந்தால், எந்த வேலை செய்யேக்க கூடுது எண்டு ஒரு கொப்பியில குறிச்சுக் கொண்டு போங்கோ. டொக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கோ.