தடம் மாறினால் தவறா?

நம் தேவராஜ மொஹல்லாவில் ஸ்கேன் எடுக்கக் காத்திருப்போரில் பலருக்கு ஜி.என். ராமச்சந்திரன் என்ற பெயர் தெரியாது. 1922-ல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நம் பிள்ளைகளைப் போலவே தமிழகத்துக்கு வெளியே வளர்ந்தவர்.

1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்தவர், விரைவிலேயே சர் சி.வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டினார். 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் உள்ளுருவத்தை எளிதாகக் கணக்கிட வழி சொன்னார். சி.டி. ஸ்கேன் துறையில் அது இன்றும் 'ராம்-லாக்' என்றே வழங்குகிறது.

பொறியியலை விட்டு உயிரியல் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் இடி விழுந்ததுபோல் ஆகிறது. பிழைக்க வந்த ஊரில் அந்தப் பயம் நியாயமே. ஆனாலும், மறுக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள். ரயில்வேயில் உழைத்தவன் சொல்கிறேன்: பாயிண்ட் இல்லாத பாதையில் வண்டி ஒரே ஊருக்குத்தான் போகும்.