ஜும்ஆ நேரத்து வாகனங்களும் நம் பிள்ளைகளின் மிதிவண்டியும்

பல்லாவரம் தொடங்கித் தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அரசு வழங்கிய மிதிவண்டி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும். பெண் பிள்ளைக்குக் கிடைத்த வண்டியாயின், அது பெரிய சாலையைப் பார்த்தே இராது. “அந்த ரோட்டிலா? வேண்டாம்மா, ஆட்டோவிலேயே போ” என்று நாமே தடுத்திருப்போம். தடுத்ததில் தவறு காண முடியாது. பேருந்தும் தண்ணீர் லாரியும் தோளை உரசிச் செல்லும் சாலையில் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் மாதந்தோறும் ஆட்டோ வாடகை கட்ட இயலாத வீட்டில், அந்தப் பிள்ளையின் படிப்பே கேள்விக்குள்ளாகிறது. சாலை அமைப்பது பொறியாளர்களின் வேலை, நமக்கென்ன என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாமைக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இதை இப்போது எழுதுவதற்கும் காரணம் உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து அதுவரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவுக்கு மெட்ரோ ரயிலை இதே சாலை வழியே நீட்டிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. தூண்கள் எழும்போது சாலை தோண்டப்படும், பிறகு மீண்டும் போடப்படும். அவ்வாறு போடப்படும்போது ஓரத்தில் என்ன அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டாக வேண்டும். கரைக்கல் பதித்த பின் கேட்டால், இன்னொரு தலைமுறை காத்திருக்க நேரும்.

என்ன கேட்பது? முதலில் நடைபாதை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள், தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கின்றன. கரைக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டிவிட்டு, முதியோர் ஏன் அதன்மேல் நடப்பதில்லை என்று வியக்கிறோம்! அடுத்தது மிதிவண்டித் தடம். ஒரு வழிக்கு இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் நன்று. அதைவிட முக்கியம், சாலையிலிருந்து அது கரைக்கல்லால் பிரிக்கப்பட்டிருப்பது. வெறும் வெள்ளைக் கோடு தடமாகாது; மறுநாளே அதன்மேல் கார்கள் நிற்கும். பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடைக்குப் பின்புறமாகத் தடம் செல்ல வேண்டும். இல்லையேல், ஓரம் கட்டும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் பிள்ளை சிக்கிக்கொள்வாள். குறுக்குத் தெருக்கள் வந்து சேரும் இடங்களில் நடைபாதையும் தடமும் அதே உயரத்தில் தொடர வேண்டும். வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும், நடப்பவர் அல்லர். திரும்பும் வண்டியின் வேகத்தைக் குறைக்க, எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட இது நன்கு பயன்படும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் மோதும் ஆற்றல், 30 கிலோமீட்டரில் வரும் அதே வண்டியின் ஆற்றலைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடப்போரும் மிதிவண்டியினரும் வாகனங்களோடு கலக்கும் தெருக்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது. ஜி.எஸ்.டி. சாலை முழுவதற்கும் அதைக் கேட்க இயலாது என்பதை நாம் அறிவோம். அதிலிருந்து பிரியும் பள்ளிக்கூடத் தெருக்களுக்கும் பள்ளிவாசல் தெருக்களுக்கும் கேட்கலாம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மழலையை மக்தபுக்குக் கூட்டிச் சென்ற தாயும், பஜ்ருக்குப் புறப்பட்ட முதியவரும் இத்தகைய எண்ணிக்கைக்குள்தான் வருவார்கள். பாதுகாப்பான நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று.

இனி சங்கடமான பகுதிக்கு வருவோம். இத்தகைய திட்டம் எங்கு வந்தாலும் முதல் எதிர்ப்பு வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியே எழும். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் பள்ளிவாசல்களின் வாயிலைப் பாருங்கள். நடைபாதையின்மேல் இரு வரிசை இருசக்கர வாகனங்கள், அதற்கப்பால் சாலையோரம் நெடுகக் கார்கள். நின்றிருக்கும் ஒரு கார் அடைத்துக்கொள்ளும் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர், அதாவது நாம் கேட்கும் மிதிவண்டித் தடத்தின் அதே அகலம். இடம் இல்லாமல் இல்லை. அதன்மேல் நாம் வண்டியை நிறுத்தியிருக்கிறோம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். பாதைக்கு ஒரு ஹக் உண்டு என்பதையும் படிக்கிறார்கள். படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளை, நம் வண்டிகளைச் சுற்றி நடுச்சாலையில் இறங்கி நடக்கிறான். முள்ளும் கல்லும் மட்டும்தான் இடையூறா?

“வாரத்தில் ஒரு மணி நேரம்தானே, மற்றவர்களும்தானே நிறுத்துகிறார்கள்” என்று ஜமாஅத்தில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். மற்றவர்களும் நிறுத்துவது உண்மையே. கல்யாண மண்டபங்களின் முகூர்த்த நாளில் நடப்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், நாளை மாநகராட்சியிடம் மனு கொடுக்கச் செல்லும்போது, “உங்கள் வாசலில் நிற்கும் வண்டிகளை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அதிகாரி கேட்டால், நமக்கு ஒரு விடை வேண்டும்.

கடைக்காரர்களின் அச்சத்தையும் தள்ளிவிட வேண்டியதில்லை. அவர்களுள் நம்மவர்களும் பலர். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதைகளை அகலமாக்கியபோதும் இதே அச்சம் இருந்தது. இன்று மாலையில் அங்கே சென்றால், அகன்ற அந்நடைபாதையில் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்துதான் கடைகளுக்குள் நுழைகிறார்கள். நம் பிரியாணிக் கடைக்கும் துணிக்கடைக்கும் வருவோரில் காரில் வருவோர் எத்தனை பேர், பேருந்தில் இறங்கி நடந்து வருவோர் எத்தனை பேர் என்று ஒரு மாலை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தை வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டுப் பெறுங்கள். வாயிலில் இளைஞர் இருவரை நிறுத்தி வண்டிகளை அங்கே திருப்பி அனுப்புங்கள். நடக்கும் தூரத்தில் இருப்போர் நடந்தே வருமாறு ஜும்ஆவுக்கு முன் இமாம் அறிவிக்கட்டும். நான்கு வாரம் இப்படி நடத்தி, வாயில் காலியாக இருக்கும் படத்தை மனுவோடு இணைத்து எடுத்துச் செல்வோம். மனுவில் முதல் கையொப்பம் மாடிப்படிக்கடியில் மிதிவண்டி வைத்திருக்கும் பெண் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.