ஊர் ஊராய்ச் சென்ற தச்சர்

மணவூர் இரயில் நிலையத்தில் பொழுது புலருமுன் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை அறிவார்கள். பையிலே உளியும் இழைப்புளியும் வாளும், கையிலே தூக்குச் சட்டியுமாகச் சென்னை வண்டிக்குத் தச்சர்கள் காத்திருப்பார்கள். இன்று அப்பையில் மின்வாளும் துளையிடும் இயந்திரமும் சேர்ந்துகொண்டன. காத்திருப்பு மட்டும் மாறவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு இதே தடத்தில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஓடிற்று. அன்று தொட்டு எத்தனை தலைமுறைத் தொழிலாளரை இந்த இருப்புப்பாதை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று, மீண்டும் வீடு சேர்த்திருக்கும்!

அவ்வூர்ப் பக்கத்தில் ஒரு முதிய தச்சரின் அடக்கத்திற்குச் சென்றிருந்தோம். சென்னையிலும், பம்பாயிலும், பின்னர் வளைகுடா நாட்டிலும் கதவும் நிலையும் செய்து காலம் கழித்தவர் அவர். அடக்கம் முடிந்த மாலையில் மூத்த மகன் நம்மிடம், "எங்கள் அப்பா எங்களோடு இருந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சாமி" என்றார். அச்சொல்லில் துயரம் இருந்தது. சிறிது கோபமும் இருந்தது. நாம் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. சற்று நேரத்தில் தந்தையின் கருவிப்பெட்டியைத் திறந்தார்கள். உளிகளுக்கு அடியில் துணியில் சுற்றியபடி ஒரு காகிதக் கட்டு கிடந்தது. அத்தனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டண இரசீதுகள். ஒன்றுகூடத் தவறாமல் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார். மகன் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் நம் உள்ளத்தில் வேறொரு தச்சரின் நினைவே நிறைந்திருந்தது. மார்ச் மாதந்தோறும் நாம் வணங்கும் புனித சூசையப்பரும் ஊர் ஊராய்ச் சென்றவர் அன்றோ?

அவருடைய பயணங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேரரசர் அகுஸ்துவின் கட்டளைப்படி பெயரைப் பதிவு செய்ய, நிறைமாதக் கர்ப்பிணியான மரியன்னையுடன் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. பின்னர் ஏரோதின் வாளுக்குத் தப்பி, நள்ளிரவில் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். ஏரோது மாண்டபின் திரும்பி வந்தார். யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்றறிந்து அஞ்சி, கலிலேயாவுக்கு விலகிச் சென்றார். அதன்பின் ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்கு எருசலேம் சென்று வந்தார். முதல் பயணம் அரசின் ஆணையால். அடுத்தவை உயிருக்கு அஞ்சியும், வானதூதரின் சொல்லுக்குப் பணிந்தும். ஊர் பார்க்க அவர் ஒருநாளும் புறப்படவில்லை.

மொழியும் முகமும் புதிதான எகிப்தில் அந்தக் குடும்பம் எவ்வாறு பிழைத்தது? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. ஆனால் உளியும் வாளும் எவ்வூரிலும் சோறு போடும் என்பதை நம் தச்சர்கள் நன்கறிவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஊரிலும், அளவுகோலைக் கண்டவுடன் ஒரு தச்சனை இன்னொரு தச்சன் அறிந்துகொள்வான்.

நம் வீரமாமுனிவரின் உள்ளத்தைக் கவர்ந்தவரும் இந்தத் தச்சரே. இத்தாலி நாட்டில் பிறந்து, கடல் கடந்து வந்து, ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய அந்தத் துறவி, வழிப்பயணத்தின் துன்பத்தைத் தாமே அறிந்தவர். 1726இல் அவர் நிறைவேற்றிய தேம்பாவணிக்குச் சூசையப்பரே காப்பியத் தலைவர். 'வளன்' என்று அவருக்கு அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி, 36 படலங்களில் 3615 பாடல்கள் பாடினார். மரத்தூள் படிந்த கைகளையுடைய ஒருவருக்குத் தமிழில் பெருங்காப்பியம் எழுந்தது நமக்குப் பெருமை அன்றோ?

இத்தனைக்கும் சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடி மூன்றாம் நாள் கோவிலில் கண்டபோதும், தந்தையும் தானும் துயரத்தோடு தேடியதைச் சொன்னவர் மரியன்னையே. கானாவூர்த் திருமணத்தில் அவரைக் காணோம், சிலுவையடியிலும் காணோம். அதற்கு முன்பே, இயேசுவும் மரியாளும் அருகிருக்க, அவர் கண்மூடினார் என்பது திருச்சபையின் மரபு. அவர் செய்த நாற்காலியோ நுகத்தடியோ ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும், ஆண்டவரின் பேச்சைக் கூர்ந்து கேட்டால் தந்தையின் பட்டறை தெரிகிறது. பிறர் கண்ணில் துரும்பைப் பார்த்துத் தன் கண்ணில் உத்திரத்தைப் பாராதவனை அவர் கண்டித்தார். பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் ஒப்பிட்டார். சிலுவை சுமந்து செல்கையிலும் பச்சை மரத்தையும் பட்ட மரத்தையும் பற்றிப் பேசினார். தம் நுகம் இனியது என்றார். நுகத்தடியை மாட்டின் கழுத்தில் புண் விழாதபடி இழைப்பது எத்துணை நுட்பமான வேலை! இயேசு ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீனும் எழுதியிருக்கிறார். பேசாத தந்தையின் தொழில் மகனின் வாக்கிலே வாழ்ந்தது.

எனினும் ஒன்றை மறைக்க நாம் விரும்பவில்லை. சூசையப்பர் எங்குச் சென்றாலும் குடும்பத்தைத் தம்முடன் அழைத்துச் சென்றார். நம் தந்தையரால் அது இயலவில்லை. நகரத்து வாடகையும் வெளிநாட்டுச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே அந்த மகனின் கோபத்தைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். இரசீதுகள் தந்தையின் அன்புக்குச் சான்று. அவருடைய மடிக்கு அவை ஈடாகா. இவ்விரண்டும் உண்மை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1870இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை அகிலத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் முதல் 2021 டிசம்பர் வரை சூசையப்பர் ஆண்டைக் கொண்டாடச் செய்தார். பீடத்தில் அவருக்கு மாலை சூட்டும் நாம், நம் வீட்டுத் தச்சரை, கொத்தனாரை, ஓட்டுநரை மறக்கலாமா?

வெளியூரில் உழைக்கும் தந்தையரே, பணம் அனுப்பும் நாளில் பிள்ளைகளோடு சிறிது நேரம் பேசுங்கள். இன்று என்ன வேலை செய்தீர்கள், எந்த மரத்தை அறுத்தீர்கள் என்று சொல்லுங்கள். தாய்மாரே, தந்தை இல்லாத வேளையில் அவர் பெயரை வீட்டுச் செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, அப்பா விடுமுறைக்கு வரும்போது அவர் கொணர்ந்த பெட்டியைத் திறந்து பார்க்குமுன், அவர் எங்கெங்குச் சென்றார், எங்குப் படுத்து உறங்கினார் என்று கேளுங்கள். அவர் உயிரோடிருக்கையில் கேளுங்கள். கருவிப்பெட்டி சொல்லும்வரை காத்திராதீர்கள்.

வழிநடந்து களைத்த நம் தந்தையர் அனைவருக்கும் புனித சூசையப்பர் துணைநிற்பாராக!